குவெர்ரா என்ற பெயரைத் திருப்பிக் கொடு

தம்பி,

என்னோடு நீ பேசக்கூடாது என்று கோர்ட்டில் உனக்குக் கட்டளை போட்டிருக்கிறார்கள். உனக்கு நான் எழுதக்கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும் இந்த வயதில் நான் கேட்கிற ஆளில்லை. அதனால் நாலு பேர் வாசிக்கிற மாதிரியே எழுதுகிறேன், உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு. வருகிற கிழமை பரமட்டா கோர்ட்டில் உன் வழக்கு வருகிறது. உன் மனைவி கியாராவின் முகத்தில் நீ குத்தினாய் என்பது வழக்கு. அவள் தக்காளித் தோலில் வழுக்கிப் போத்தல்களின் மேல் விழுந்தாள் என்று உன் லோயர் சொல்லப்போகிறாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலைக்கு அந்த மனுசன் நல்ல சம்பளம் வாங்குகிறார் என்று நினைக்கிறேன். கியாராவின் தகப்பன் வீட்டுக் கராஜுக்குள் அந்த நேரம் இருந்தது நீ, அவள், நான். வேறு ஒருவரும் இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதில்தான் வழக்கு நிற்கிறது, உனக்கும் அது தெரியும்.

கதையைப் பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அடியும் அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்கியது. கலியாணம் பேசி முடித்த பிறகு ஃபைவ் டொக்கில் கியாராவின் வீட்டில் முதல் விருந்து வைத்தார்களே, உனக்கு நினைவிருக்கும். அவளுடைய தகப்பன் வாழ்நாள் முழுக்கச் சீமெந்து போட்டு இடுப்பு ஒடிந்த மனுசன், தாயில்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்தவர். எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது இரண்டு உடைந்த ஆங்கிலம். மிச்சத்தை அவர் கையாலும் நான் தலையாலும் பேசிக்கொள்வோம். நீ அவரிடம் அவர்களின் குடும்பப் பெயரான குவெர்ரா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாய். போர் என்றார். நான் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைத் திரும்பக் கோப்பையில் வைத்துவிட்டேன். அவர் அதைக் கண்டு சிரித்துவிட்டு விளக்கம் சொன்னார், நீ எனக்குத் தமிழில் மாற்றிச் சொன்னாய். பழைய லத்தீனில் போருக்கு வேறொரு சொல் இருந்ததாம். இது வடக்கிலிருந்து வந்த படைகளோடு வந்த சொல்லாம்; அவர்களிடம் அதற்கு முதல் அர்த்தம் கலகம், குழப்பம், அடிபிடி. பிறகு ஊரில் சண்டைக்கு நிற்கிறவனுக்கும் படைக்குப் போய் வந்தவனுக்கும் அது பட்டப்பெயராயிற்று. பெற்ற பிள்ளைக்கே போர் என்று பெயர் வைத்தவர்களும் இருந்தார்களாம். 'போரை வெல்' என்று அர்த்தம் வரும் நீளமான பெயரைச் சுருக்கி அப்படிக் கூப்பிட்டவர்களும் உண்டாம். பிறகு அந்தப் பட்டம் காகிதத்தில் ஏறிப் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் சண்டைக்காரனுக்குப் பட்டம் வைப்பார்கள், நல்ல காலம், அவனோடேயே அது சுடலைக்குப் போய்விடும். இத்தாலியில் வடக்கு மலையிலிருந்து சிசிலி வரைக்கும் குவெர்ரா இல்லாத பக்கம் கிடையாதாம், ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் கூட இருக்கிறார்களாம். தன் ஊரில் கல்லெறிந்தால் ஒரு குவெர்ராவின் தலையில்தான் விழும் என்றார். அந்தப் பெயரில் தனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை, சட்டைப் பொத்தான் மாதிரி அது தன்பாட்டுக்குக் கிடக்கிறது என்றும் சொன்னார்.

இவ்வளவு விளக்கத்திலும் நீ ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாய். வேலையிடத்தில் எல்லாருக்கும் 'போர்வீரன்' என்று அர்த்தம் சொன்னாயாம், கியாரா சொல்லிச் சிரித்தாள். அடிபிடிக்காரன் என்பதை விட்டுவிட்டாய். கலியாணம் முடிந்த சூட்டோடு பெயரை மாற்றுகிற அலுவலகத்துக்குப் போய், மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டாய். "அம்மா, ஒவ்வொரு மீட்டிங்கிலயும் என்ர பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் களைச்சுப்போனன். இது இங்கிலிசில ஆறே எழுத்து" என்றாய். ஆம்பிளை பெண்சாதியின் பெயரை வைத்தால் என்ன, இந்த நாட்டில் நல்ல வழக்கம்தானே என்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும், அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கு அது வராது. ஒரு மனுசனின் பெயர் ஒரு தலைமுறைக்குத்தான். இங்கே வந்து படிவம் நிரப்பியபோதுதான் சிவபாதம் என்ற உன் அப்பாவின் பெயர் உனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. நீ அதை அவிழ்த்துப் போட்டபோது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அவர் வாய் அப்படி.

உன் அப்பா ஏன் ஹோலில் படுத்தார் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். டீவி பார்க்கிறதுக்கு என்று சொல்லிவைத்திருந்தோம். அது பொய். ஊரில் ஆமியின் தடுப்பு முகாமில் அவரைக் காலில் கட்டித் தொங்கவிட்டு அடித்திருக்கிறார்கள், நகத்துக்குள் ஊசி ஏற்றியிருக்கிறார்கள், பெற்றோல் நனைத்த பையைத் தலையில் மாட்டி மூச்சை அடைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு, லிட்கம் வீட்டுக்கு வந்த பிறகும் நித்திரையில் அந்த ஆட்கள் வருவார்கள், இவர் அவர்களோடு அடிபடுவார். ஒரு தரம் அவர் வீசிய கை என் வாயில் பட்டு முன்பல் உடைந்தது. விடிய எழும்பித் தலையணையில் இரத்தத்தைக் கண்டார். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "என்ர கையை நான் நம்ப மாட்டன். நீயும் நம்பாதை" என்றார். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனவர்தான், சாகும்வரை அங்கே கிடந்த நீளக் கதிரையில், அந்தச் செற்றியில்தான் படுத்தார். நான் கூப்பிட்டும் வரவில்லை, அழுதும் வரவில்லை. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது நினைக்க நெஞ்சு வெடிக்கிறது. போரை உடம்பு முழுக்கச் சுமந்துகொண்டு வந்த மனுசன் அது என்மேல் படக்கூடாது என்று தன்னைத் தூக்கி அங்கால வைத்தார். ஒரு வெடிச் சத்தம் கூடக் கேட்காமல் வளர்ந்த நீ, போர் என்ற பெயரை விரும்பி வாங்கிப் போட்டுக்கொண்டாய்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. கோடை முடிகிற நேரம் ஃபைவ் டொக் கராஜில் குடும்பமாகச் சேர்ந்து வருடத்துக்குத் தேவையான தக்காளிச் சாறு பிழிந்து போத்தலில் அடைப்பது அவர்களின் வழக்கம். எனக்கும் அது பிடிக்கும், கதிரையைப் போட்டு உட்கார்ந்து கழுவிய தக்காளியை வெட்டிக் கொடுப்பேன். கியாராவின் தகப்பன் பின்வளவில் விறகு கொத்தி, போத்தல் அவிக்கிற ட்ரம்முக்குக் கீழே நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நீ சாறு பிழிகிற மெஷினைச் சுற்றினாய். கியாரா போத்தலில் நிரப்பினாள், வயிறு அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்குப் பெயர் என்ன என்று பேச்சு வந்தது. முதற்பெயர் எதுவென்றாலும் சரி, பின்னால் சிவபாதம் என்று வரவேணும் என்றாள் அவள். நீ வேண்டாம் என்றாய். அவள் விடவில்லை. தன்னுடைய பெயர் தனக்கு இருக்கிறது, நீ உன் தகப்பனுடையதை எறிந்துவிட்டாய், என் பிள்ளைக்கு அதை நான் எடுத்துக் கொடுக்கிறேன், உனக்கு அந்த மனுசனை நினைக்க வெட்கமா என்று கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், தம்பி. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ மெஷினின் பிடியை விட்டாய். உன் முஷ்டி அவள் கண்ணுக்கு மேலே விழுந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது, தேங்காய் நிலத்தில் விழுந்த மாதிரி. அவள் போத்தல்களின் மேல் விழுந்தாள். கண்ணாடி நொருங்கியது. அத்தோடு நீ நின்றிருந்தால், ஒரு கண நேரப் பைத்தியம் என்று நானும் என்னை ஏமாற்றியிருப்பேன். நீ குனிந்து தலைமயிரைப் பிடித்துத் தூக்கி இன்னொரு தரம் குத்தினாய். புருவம் பிளந்து தொங்கியது. பிறகு காலைத் தூக்கினாய். வயிற்றுக்கு நேரே தூக்கினாய். என் மடியிலிருந்த தக்காளிப் பாத்திரத்தை, அந்தப் பேசினை, உன் முகத்தில் எறிந்தேன், அது உன் நெற்றியில் பட்டதால்தான் அந்தக் கால் நிலத்துக்கு வந்தது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாய். நான் நிலத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்தேன். எல்லாம் சிவப்பு. எது என்னவென்று கண்ணுக்குத் தெரியவில்லை, தொட்டுத்தான் அறிந்தேன். தக்காளிச் சாறு குளிர்ந்திருந்தது. இரத்தம் சுட்டது.

சத்தம் கேட்டுக் கிழவர் ஓடிவந்தார். விறகு கொத்திய கோடாலி கையிலேயே இருந்தது. மகளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். கோடாலி தோளுக்கு மேலே எழும்பியது. இடுப்பு ஒடிந்த மனுசனுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. நான் அவள் தலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி உனக்கு முன்னால் வந்து நின்றேன். உனக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது, நீ சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அந்த இரும்பு என் உச்சிக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. வெட்டுகிறதென்றால் என்னை வெட்டுங்கோ என்று தமிழில்தான் கத்தினேன், அவருக்கு விளங்கியது. ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு கோடாலியை மெதுவாக இறக்கி, பின்வளவுக்குள் தூர எறிந்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து மாடு மாதிரிக் கதறினார். போர் என்ற பெயரோடு பிறந்தவர் கையை இறக்கினார், தம்பி. அந்தப் பெயரை வாங்கிப் போட்ட உனக்கு இறக்க முடியவில்லை. நான் கிழவரைப் பிறகு வணங்கினேன், ஆஸ்பத்திரியில், எல்லாரும் பார்க்க.

பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவர் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரை வைத்து என்னோடு பேசினார். உன்னிடம் ஒரு பொருளும் வேண்டாமாம். வீடு, கார், அவள் போட்ட நகை எதையும் கேட்கவில்லை. தன் பெயரை மட்டும் நீ திருப்பித் தரவேண்டுமாம். உலகம் முழுக்கக் கிடக்கிற பெயர்தானே, இவன் ஒருவன் வைத்திருந்தால் என்ன குறையப்போகிறது என்று நான் மடைத்தனமாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஊரில் எத்தனை குவெர்ரா இருந்தாலும் அதற்குத் தான் பொறுப்பில்லை, ஆனால் கோர்ட் காகிதத்தில் அடித்தவனும் குவெர்ரா, அடிபட்டவளும் குவெர்ரா என்று இருக்கப்போகிறது, வாசிக்கிறவன் எங்கள் வீட்டுக்குள் நடந்தது என்று நினைப்பான் என்றார். அவர்கள் நாட்டில் கலியாணம் கட்டினாலும் பெண் தன் தகப்பனின் பெயரைக் காகிதத்தில் சாகும்வரை விடமாட்டாளாம். அது அவளுக்குள்ள வீடு, இவன் அதற்குள் விருந்தாளியாக வந்தவன், விருந்தாளி வீட்டுக்காரியை அடித்தால் வெளியே போகத்தான் வேணும் என்றார். கியாரா தையல் போட்ட கண்ணோடு என் கையைப் பிடித்து, பிள்ளைக்குச் சிவபாதம் என்றுதான் வைப்பேன் அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த 'அம்மா' மட்டும் தமிழ். உன் அப்பாவின் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. நீ இல்லாமல் போகிறது.

இதெல்லாம் இப்படி இருக்க, போன கிழமை மலர் அன்ரி வீட்டுக்கு வந்தாள், ஹரிஸ் பார்க் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு. எங்களோடு ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள். துக்க வீட்டுக்கு யாராவது லட்டு கொண்டு வருவார்களா என்று கேட்டேன். அவள் செருப்பைக் கழற்றுமுன்பே அழத் தொடங்கினாள்.

"அக்கா, பெத்த மனம் பித்து எண்டு சொல்லுவினம். உங்கட மனம் கல்லாப் போச்சோ?"

"அவன் என்ன சொல்லிவிட்டவன், அதைச் சொல்லு."

"நீங்கள் ஒண்டும் பாக்கேல்லை எண்டு சொன்னால் காணுமாம். வேலை போயிடும், பிடிச்சு மறியல்லயும் அடைக்கலாமாம். சனமும் ஒரு மாதிரிக் கதைக்குது, தாய் பிள்ளையைக் காட்டிக்குடுக்கப் போறா எண்டு."

"சனத்துக்கு என்ன. அவன் வேற என்ன சொன்னவன்?"

அவள் லட்டுப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "அம்மாவைத் தலையாட்டியா வந்து நிக்க வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவன்."

உனக்கு இந்தச் சொல்லை யார் சொல்லித் தந்தது? நான்தான். எங்கே குத்தினால் எனக்கு வலிக்கும் என்று உனக்கு நான்தான் காட்டித் தந்திருக்கிறேன். என் அண்ணனைப் பற்றி, நீ படத்தில் மட்டும் கண்ட உன் மாமாவைப் பற்றி, உனக்கு அரைவாசிதான் சொல்லியிருக்கிறேன். மற்ற அரைவாசியை இப்போது கேள். சுற்றிவளைப்பு என்று ஆமிக்காரர் ஊரை விடிய எழுப்பிப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் ஒருவன் தலையிலிருந்து நெஞ்சு வரை சாக்கு மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு இருந்தான். அவன்தான் தலையாட்டி, இயக்கத்து ஆட்கள் யார் என்று காட்டிக்கொடுக்க ஆமி கொண்டுவந்த ஆள். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அசைந்தால் உயிர் போய்விட்டது. அண்ணன் நடந்தான். சாக்கு மேலும் கீழும் அசைந்தது. துவக்குப் பிடியால் முதல் அடி கழுத்தில் விழுந்தது, பிறகு முழங்காலில், பிறகு வாயில். பல்லும் இரத்தமுமாய்த் துப்பிக்கொண்டு, நான் ஒண்டும் செய்யேல்லை ஐயா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தலைமயிரில் பிடித்து இழுத்து ட்ரக்கில் எறிந்தார்கள். பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை. தலையாட்டி எங்கள் பக்கத்துப் பொடியன்தானாம், அவனையும் அடித்து அடித்துத்தான் கொண்டுவந்து இருத்தினார்களாம் என்று பிறகு கதைத்தார்கள். அவனுக்காக இரங்க எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

மலர் அன்ரி போன பிறகு குசினியில் வெகுநேரம் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். நீ சொல்லிவிட்டது என்னைக் கொன்றுவிட்டது, தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் எனக்கும் சந்தேகம் வந்தது. பிள்ளையைக் காப்பாற்றாத தாய் என்ன தாய், பார்க்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும் என்று மனம் ஓடியது. பிறகு காலைத் தூக்கினாயே, அதை நினைத்தேன். நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அந்தக் கால் இன்னும் அந்தரத்தில்தான் நிற்கும். பேசினை எறிய அடுத்த தரம் நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். உன்னைக் காப்பாற்றுகிற வேலையைக் கோடாலிக்கு முன்னால் நின்று செய்துவிட்டேன். இனி உன் கையிடமிருந்து உன்னைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

உனக்குப் புத்தி சொல்லத்தானே கடிதம், சொல்கிறேன். பெயரைத் திருப்பிக் கொடு. லோயரைக் கேட்காதே, நீயாகப் போய் எழுதிக் கொடு. சிவபாதம் என்ற பெயரை உடனே தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. அதற்குக் கை சுத்தமாக வேண்டும். அதுவரைக்கும் நான் வைத்த பெயர் ஒன்று உனக்கு இருக்கிறது, அது போதும், அதோடு இரு. கியாரா இருக்கிற தெருப் பக்கம் போகாதே. உன் கையை நீ நம்பாதே. உன் அப்பா நித்திரையில் செய்ததற்கே ஆயுள் முழுக்கச் செற்றியில் படுத்தார், நீ முழித்திருந்து செய்திருக்கிறாய். கோபத்தை அடக்கச் சொல்லித்தருகிற இடங்கள் பரமட்டாவிலேயே இருக்கின்றனவாம், போ. 'நான் செய்தேன்' என்று நீயே சொல்லிவிட்டால் நான் அந்தக் கோர்ட்டுப் படியேற வேண்டி வராது. நான் அதைத்தான் கும்பிடுகிறேன், ஆனால் அதை நம்பிக்கொண்டு வீட்டில் இருக்கமாட்டேன். மறியல் கிடைத்தால் பார்க்க விடுகிற நாளெல்லாம் வருவேன். கிடைக்காவிட்டால் லிட்கம் வீட்டுக் கதவு உனக்குத் திறந்துதான் இருக்கும், ஹோலில் அந்தச் செற்றி இன்னும் கிடக்கிறது.

பொலிஸ்காரப் பிள்ளை ஒருத்தி வந்து, கோர்ட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்லித்தந்தாள். அடித்தவர் இந்த அறையில் இருக்கிறாரா என்று கேட்பார்களாம். சரி என்று நான் தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அம்மா, அங்கே இப்படித் தலையாட்டினால் செல்லாது, வாயைத் திறந்து எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் என்றாள். நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதனால் பயப்படாதே, உன் அம்மா தலையாட்டமாட்டாள். நல்ல சீலை உடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, முகத்தைத் திறந்துகொண்டு வந்து நிற்பேன். கேள்வி கேட்பார்கள். நான் உன் கண்ணைப் பார்த்துத்தான் மறுமொழி சொல்வேன், நீயும் என்னைப் பார்.

"ஓம். அந்தா இருக்கிறான். என்ர மகன்."

அம்மா